தேனி மாவட்ட வேளாண் வணிகமும் ஊரக வேலைவாய்ப்பும்

தேனி மாவட்ட வேளாண் வணிகம் என்பது தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில், குறிப்பாகக் கம்பம் பள்ளத்தாக்கில், விளையும் நெல், திராட்சை, வாழை, காய்கறிகள் ஆகியவற்றின் வணிகத்தையும், அண்டையில் உள்ள கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்ட மலைகளில் விளைந்து போடிநாயக்கனூர் வழியாக விற்கப்படும் ஏலக்காய் வணிகத்தையும் சேர்த்துக் குறிக்கும். இவ்வணிகத்தை நம்பி நில உடைமையாளர்கள், குத்தகை உழவர்கள், வணிகர்கள், நாள்கூலித் தொழிலாளர்கள் எனப் பல தரப்பினர் வாழ்கின்றனர்.

ஒரு விளைபொருளின் விலை உயர்வதனாலோ தாழ்வதனாலோ இத்தரப்பினர் அனைவரும் ஒரே வகையில் பாதிக்கப்படுவதில்லை. உழவரின் வருமானம் விளைச்சலையும் விலையையும் பொறுத்தது. நாள்கூலித் தொழிலாளியின் வருமானமோ கூலி வீதத்தையும் கிடைக்கும் வேலை நாட்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. விளைச்சல் குறைவினால் விலை உயரும் ஆண்டுகளில் இவ்விரு வருமானங்களும் எதிரெதிர்த் திசைகளில் செல்லக்கூடும். 2019 ஆம் ஆண்டின் ஏலக்காய் விலையேற்றம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு ஆகும்.

(ஏலம் என்னும் சொல் தமிழில் ஒரு நறுமணப் பயிரையும், போட்டி விலை கேட்டு விற்கும் முறையையும் குறிக்கும். பின்னது போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தது. குழப்பம் நேராதிருக்க இக்கட்டுரையில் பயிர் "ஏலக்காய்" என்றும், விற்பனை முறை "ஏலம்" என்றும் குறிப்பிடப்படுகின்றன.)

புவியியல் பின்னணி

தேனி மாவட்டம் 1996 ஆம் ஆண்டில் மதுரை மாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இதன் மக்கள்தொகை 12,45,899 ஆகும். மாவட்டத்தின் தென்மேற்குப் பகுதியில், மேற்கே ஏலமலைக்கும் கிழக்கே மேகமலை, வருசநாட்டு மலைகளுக்கும் இடைப்பட்டுக் கம்பம் பள்ளத்தாக்கு அமைந்துள்ளது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகியவை பள்ளத்தாக்கின் முக்கிய ஊர்கள். போடிநாயக்கனூர் ஏலமலையின் அடிவாரத்தில் உள்ளது.

மலைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்தின் பீருமேடு, உடும்பன்சோலை, தேவிகுளம் வட்டங்கள் உள்ளன. பள்ளத்தாக்கிலிருந்து இவ்வட்டங்களுக்குச் செல்ல மூன்று முக்கிய மலைச்சாலைகள் உள்ளன. அவை குமுளிச் சாலை, கம்பம்மெட்டுச் சாலை, போடிமெட்டுச் சாலை என்பன. மேலே செல்லும் தொழிலாளர்களும் காய்கறிகளும், கீழே வரும் ஏலக்காயும் மிளகும் இம்மூன்று சாலைகளையே பயன்படுத்துகின்றன. ஆகவே இச்சாலைகள் அடைபடும்போது இரு மாநிலத்தாரின் வருமானமும் பாதிக்கப்படுகின்றது.

வரலாறு

பென்னிகுயிக் தலைமையில் கட்டப்பட்ட முல்லைப் பெரியாறு அணை 1895 ஆம் ஆண்டில் பயன்பாட்டுக்கு வந்தது. மேற்கு நோக்கி ஓடிய பெரியாற்று நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திருப்பப்பட்டது. அதன் பின் கம்பம் பள்ளத்தாக்கில் இருபோக நெல் சாகுபடி உறுதியானது. இன்றும் பள்ளத்தாக்கின் இருபோக ஆயக்கட்டு 14,707 ஏக்கர் எனக் கணக்கிடப்படுகின்றது.

ஏலமலைத் தோட்டங்கள் திருவிதாங்கூர் அரசின் ஆட்சிப் பகுதியில் இருந்தபோதிலும், அவற்றுக்கு வேண்டிய தொழிலாளரும் உணவுப் பொருள்களும் பெரும்பாலும் கிழக்கு அடிவாரத்து ஊர்களிலிருந்தே சென்றன. மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 1928 ஆம் ஆண்டில் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. மலைவிளைபொருள்களை வெளியூர்ச் சந்தைகளுக்குக் கொண்டு செல்வது அதன் பயன்களுள் ஒன்றாக இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இப்பாதை பெயர்த்தெடுக்கப்பட்டுப் பின்னர் மீண்டும் அமைக்கப்பட்டது. அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010 ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்ட தொடருந்துப் போக்குவரத்து, 2022 மே மாதத்தில் தேனி வரையிலும், 2023 சூன் மாதத்தில் போடிநாயக்கனூர் வரையிலும் மீண்டும் தொடங்கியது.

1956 ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பின்போது தேவிகுளம், பீருமேடு வட்டங்கள் கேரளத்துடன் சேர்க்கப்பட்டன. இதனால் விளையும் இடம் ஒரு மாநிலத்திலும், உழைப்போரில் ஒரு பகுதியினரின் வாழ்விடமும் பழைய சந்தை ஊரும் மற்றொரு மாநிலத்திலும் அமைந்தன. ஏலக்காய்த் தோட்ட உடைமையாளர்களிலும் பலர் போடிநாயக்கனூர், கம்பம், தேவாரம் ஆகிய ஊர்களில் வசிப்பவர்கள் ஆவர்.

முக்கிய விளைபொருள்களும் சந்தைகளும்

இவ்வட்டாரத்தின் விளைபொருள்களை, அவை எந்தச் சந்தையை நம்பியுள்ளன என்பதையும், எவ்வளவு ஆள்வேலை தேவைப்படுகிறது என்பதையும் கொண்டு வேறுபடுத்தலாம்.

நெல்: அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலை நெல்லுக்கு உள்ளது. அரசு நேரடிக் கொள்முதல் நிலையங்கள் திறக்கப்படும் இடங்களில் வெளிச்சந்தை விலைச்சரிவு உழவரை ஓரளவே தாக்கும். அறுவடை இயந்திரங்கள் பரவிய பின் நெல் வயல்களில் கதிரறுப்பு வேலை பெரிதும் குறைந்துவிட்டது. நாற்று நடுதலும் களை எடுத்தலும் பெண்களின் வேலையாகத் தொடர்கின்றன.

திராட்சை: கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை உள்நாட்டுச் சந்தையை, குறிப்பாகத் தமிழ்நாட்டையும் கேரளத்தையும், நம்பியுள்ளது. ஆள்வேலை மிகுதியாகத் தேவைப்படும் பயிர் இது.

வாழை: திசு வளர்ப்பு முறையில் பெருக்கப்படும் ஜி9 வகை வாழை உள்நாட்டில் விற்கப்படுவதுடன் வளைகுடா நாடுகளுக்கும் ஏற்றுமதியாகின்றது. ஏற்றுமதிக்கான தாரை வெட்டுதல், சீப்புப் பிரித்தல், கழுவுதல், பெட்டியில் அடைத்தல் ஆகியவை பயிற்சி பெற்ற குழுக்களின் வேலைகளாக உருவாகியுள்ளன.

காய்கறியும் பூவும்: தக்காளி, பீட்ரூட், முட்டைக்கோசு, அவரை முதலியவை நாள்தோறும் குமுளி, போடிமெட்டுச் சாலைகள் வழியாகக் கேரளத்துக்குச் செல்கின்றன. ஓணப் பண்டிகைக் காலத்தில் காய்கறிக்கும் பூவுக்கும் தேவை உயரும். சின்னமனூரை அடுத்த சீலையம்பட்டி பூ வணிகத்துக்குப் பெயர்பெற்ற ஊராகும்.

தென்னை: ஆள் தேவை மிகக் குறைவு. ஆட்கூலியைச் சமாளிக்க இயலாத உழவர்கள் நெல், காய்கறி நிலங்களைத் தென்னந்தோப்புகளாக மாற்றும்போது, உடைமையாளருக்கு ஓரளவு நிலையான வருமானம் கிடைக்கின்றது. ஆனால் அந்நிலத்தில் முன்பு கிடைத்துவந்த கூலி வேலை நின்றுவிடுகின்றது.

ஏலக்காய்: உள்நாட்டுச் சந்தையையும் உலகச் சந்தையையும் ஒருங்கே சார்ந்தது. ஆண்டின் பெரும்பகுதியும் ஆள்வேலை தேவைப்படுவது. ஆகவே வணிகத்துக்கும் வேலைவாய்ப்புக்கும் உள்ள தொடர்பை அறிய இப்பயிர் மிகவும் ஏற்றது.

ஏலக்காய் வணிகத்தின் அமைப்பு

சாகுபடியும் பதப்படுத்தலும்

ஏலக்காய்ச் செடியின் காய்கள் செடியின் அடியிலிருந்து தரையோடு படரும் சரங்களில் காய்க்கின்றன. ஆகவே காய் எடுப்போர் குனிந்தோ குத்தவைத்தோதான் வேலை செய்ய வேண்டும். எல்லாக் காய்களும் ஒரே நேரத்தில் முற்றுவதில்லை. முற்றிய காய்களை மட்டும் தேர்ந்து எடுத்து, ஏறக்குறைய 40 முதல் 45 நாட்களுக்கு ஒருமுறை மீண்டும் அதே செடிக்கு வர வேண்டும். இதற்கு இயந்திரம் பயன்படுவதில்லை. காய் எடுப்போர் பெரும்பாலும் பெண்கள்.

எடுத்த பச்சைக்காய் அன்றைக்கே தோட்டத்தின் உலர்கூடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, நிறம் கெடாமல் ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் வெப்பமூட்டி உலர்த்தப்படுகின்றது. சுமார் 5 கிலோ பச்சைக்காய் 1 கிலோ உலர்ந்த காயைத் தரும். கட்டப்பனையைச் சேர்ந்த உழவர் செபாசுட்டியன் சோசப்பு தேர்ந்தெடுத்துப் பெருக்கிய ஞள்ளானி வகை 1990களில் பரவிய பின் ஏலமலையில் விளைச்சல் பெரிதும் உயர்ந்தது. விளைச்சல் கூடியதால் காய் எடுப்பதற்கான ஆள்தேவையும் கூடியது.

ஏலமுறை

ஏலக்காய்க்கு அரசு ஆதரவு விலை கிடையாது. உரிமம் பெற்ற ஏல நிறுவனங்கள் நடத்தும் ஏலங்களே அதன் விலையைத் தீர்மானிக்கின்றன. 1986 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த நறுமணப் பொருள் வாரியம், 1987 ஆம் ஆண்டின் ஏலக்காய் உரிம, விற்பனை விதிகளின்கீழ் இவ்வேலங்களை ஒழுங்குபடுத்துகின்றது. 2007 ஆம் ஆண்டு முதல் வாய்மொழி ஏலத்துக்கு மாற்றாக மின்னணு ஏலம் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் போடிநாயக்கனூரும் கேரளத்தில் புற்றடியும் இதன் மையங்கள். வணிகர்கள் ஒரே கூடத்தில் தத்தம் கணினி முன் அமர்ந்து விலை கேட்கின்றனர். யார் எவ்வளவு கேட்டார் என்பது பிறருக்குத் தெரியாததால், வாய்மொழி ஏலத்தில் இருந்த முகத்தாட்சணியமும் கூட்டுச் சேர்ந்து விலை கேட்பதும் குறையும் என்பது இம்மாற்றத்தின் நோக்கமாகும்.

வணிகர்கள் ஏலத்தில் வாங்கிய சரக்கையே மீண்டும் ஏலத்துக்குக் கொண்டுவந்து வரத்தை மிகுதியாகக் காட்டுவதாகவும், அதனால் விலை இறங்குவதாகவும் உழவர் அமைப்புகள் நெடுங்காலமாகக் குறை கூறிவருகின்றன. ஏல அன்றைக்கே பணம் கைக்கு வருவதில்லை என்பதால், சிறு உழவர்கள் முன்பணம் பெற்று, அதற்கு ஈடாகச் சரக்கைத் தருவதும் வழக்கத்தில் உள்ளது. முன்பணம் பெற்றவர் விலை ஏறும்வரை சரக்கை வைத்திருக்க இயலாது. ஆகவே விலையேற்றத்தின் பயன் உழவர்களுக்குள்ளும் சமமாகப் பகிரப்படுவதில்லை.

ஏலத்தில் வாங்கப்பட்ட காய் போடிநாயக்கனூரின் கிடங்குகளில் சலிக்கப்பட்டு, அளவு, நிறம் ஆகியவற்றின்படி தரம் பிரிக்கப்படுகின்றது. வெடித்த காய், நிறம் மங்கிய காய் ஆகியவற்றைக் கையால் பொறுக்கி நீக்கும் வேலையில் நகரத்துப் பெண்கள் பலர் ஈடுபட்டுள்ளனர். தோட்டத்துக்குச் செல்ல இயலாத முதியோருக்கும் இது ஒரு வருவாய் வழியாகும்.

குவாத்தமாலாவின் போட்டி

நடு அமெரிக்க நாடான குவாத்தமாலாவில் 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஏலக்காய் அறிமுகமானது. 1980களில் அந்நாடு இந்தியாவை முந்தி உலகின் முதன்மை ஏற்றுமதி நாடாயிற்று. குவாத்தமாலாவில் உள்நாட்டு நுகர்வு மிகக் குறைவாதலால் ஏறக்குறைய விளைச்சல் முழுவதும் ஏற்றுமதியாகின்றது. ஏலக்காய் கலந்த காப்பியைப் பெருமளவில் அருந்தும் சவூதி அரேபியாவும் பிற வளைகுடா நாடுகளும் அதன் முக்கியச் சந்தைகள். இந்திய ஏலக்காயின் பெரும்பகுதி உள்நாட்டிலேயே விற்பனையாவதால் ஏலமலை உழவர்கள் இப்போட்டியிலிருந்து ஓரளவு காக்கப்படுகின்றனர். எனினும் குவாத்தமாலாவின் விளைச்சல் குறையும் ஆண்டுகளில் இந்திய ஏற்றுமதி உயர்வதும், அங்கு விளைச்சல் மிகும் ஆண்டுகளில் இங்கு விலை தளர்வதும் காணப்படுகின்றன.

தொழிலாளர்கள்

நாள்தோறும் அதிகாலையில் போடிநாயக்கனூர், தேவாரம், கோம்பை, பண்ணைப்புரம், கம்பம், கூடலூர் முதலிய ஊர்களிலிருந்து தொழிலாளர்கள் சீப்புகளில் மலையேறி, மாலையில் ஊர் திரும்புகின்றனர். தோட்டத்துக்கு ஆட்களைச் சேர்த்து அழைத்துச் செல்பவரே பல இடங்களில் சீப்பு உரிமையாளராகவும் இருக்கின்றார். பயண நேரத்தையும் சேர்த்தால் ஒரு பெண் தொழிலாளி வீட்டை விட்டு வெளியே இருக்கும் நேரம் வேலை நேரத்தைவிட மிக அதிகமாகும். அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிச் செல்லும் சீப்புகள் கொண்டை ஊசி வளைவுகளில் விபத்துக்குள்ளாகித் தொழிலாளர்கள் உயிரிழந்த நிகழ்வுகள் பலமுறை நடந்துள்ளன.

இவ்வளவு இடர்கள் இருந்தும் தொழிலாளர்கள் மலையேறுவதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது, கேரளத்தில் வேளாண் கூலி தமிழ்நாட்டைவிட உயர்ந்தது. இரண்டாவது, பள்ளத்தாக்கின் நெல் வயல்களில் வேலை நடவு, அறுவடைக் காலங்களில் மட்டுமே கிடைக்கின்றது. ஏலக்காய்த் தோட்டங்களிலோ காய் எடுப்பு, களை எடுப்பு, மருந்து தெளிப்பு, நிழல்மரக் கிளை கழித்தல் என ஆண்டின் பெரும்பகுதியும் வேலை உண்டு.

தோட்டத் தொழிலாளருக்கு வீட்டு வசதி, மருத்துவம் முதலியவற்றை உறுதி செய்த 1951 ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 5 எக்டேர் அல்லது அதற்கு மேற்பட்ட பரப்பும் 15 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களும் கொண்ட தோட்டங்களுக்கே பொருந்தியது. ஏலமலையில் சிறு தோட்டங்கள் மிகுதி. மேலும் நாள்தோறும் வேறு வேறு தோட்டங்களுக்குச் செல்லும் ஒருவரை எந்தத் தோட்டத்தின் தொழிலாளி எனப் பதிவு செய்வது என்பது எளிதன்று. இதனால் நாள்தோறும் வந்து போவோரில் பலர் அச்சட்டத்தின் பயனைப் பெறவில்லை.

2010களிலிருந்து மத்தியப் பிரதேசம், சார்க்கண்டு, ஒடிசா முதலிய வட, கிழக்கு மாநிலங்களிலிருந்து வந்து தோட்டங்களிலேயே தங்கி வேலை செய்யும் தொழிலாளரின் எண்ணிக்கை கூடியுள்ளது. மலைச்சாலை அடைபட்டாலும் இவர்களைக் கொண்டு வேலை தொடர முடியும் என்பது தோட்ட உடைமையாளருக்கு ஒரு வசதி. தேனி மாவட்டத் தொழிலாளரைப் பொறுத்தவரை இது கூலிப் பேரத்தில் அவர்கள் பிடியைத் தளர்த்துகின்றது.

விலையும் வேலை நாட்களும்

2017 முதல் 2022 வரை

2018 ஆகத்து மாதத்தில் கேரளத்தில் ஏற்பட்ட பெருவெள்ளமும் நிலச்சரிவுகளும் இடுக்கி மாவட்ட ஏலக்காய்த் தோட்டங்களைக் கடுமையாகப் பாதித்தன. தொடர்ந்து 2019 ஆம் ஆண்டின் கோடையில் வறட்சி ஏற்பட்டது. இந்தியாவின் ஏலக்காய் விளைச்சல் இக்காலத்தில் பின்வருமாறு மாறியது:

2017-18: 20,000 டன்னுக்கு மேல்
2018-19: சுமார் 13,000 டன்
2019-20: சுமார் 11,000 டன்
2020-21: 22,000 டன்னுக்கு மேல்
2021-22: 23,000 டன்னுக்கு மேல்

விளைச்சல் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததால் விலை பல மடங்கு உயர்ந்தது. 2019 ஆகத்து மாதத்தில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் அதிகபட்சமாக 7,000 ரூபாய்க்கு விற்பனையானது. இது அதுவரை காணாத விலையாகும். சராசரி விலை இதைவிடக் குறைவாக இருந்தபோதிலும், முந்தைய ஆண்டுகளில் 1,000 ரூபாயை ஒட்டி இருந்த விலையுடன் ஒப்பிடும்போது மிக உயர்ந்ததே. செடிகள் தப்பிய தோட்டங்களின் உடைமையாளர்கள் பெரும் ஆதாயம் பெற்றனர். செடிகளை இழந்தவர்களுக்கு விற்கச் சரக்கு இல்லை.

2020-21 முதல் விளைச்சல் மீண்டது. உயர்ந்த விலையைக் கண்டு விரிவாக்கப்பட்ட தோட்டங்களும் காய்க்கத் தொடங்கின. 2022 ஆம் ஆண்டில் சராசரி விலை கிலோவுக்கு 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. உரம், மருந்து, ஆட்கூலி ஆகியவற்றை ஈடுகட்டவும் இவ்விலை போதவில்லை என உழவர்கள் போராட்டங்கள் நடத்தினர். விலை தாழ்ந்த இக்காலத்தில் ஏற்றுமதி மட்டும் உயர்ந்தது. 2019-20 இல் 2,000 டன் அளவுக்குச் சுருங்கியிருந்த ஏற்றுமதி 2021-22 இல் 10,000 டன்னைத் தாண்டியது.

ஒரு கணக்கீட்டு எடுத்துக்காட்டு

விலையேற்றம் இரு தரப்பினரையும் வெவ்வேறாகத் தொடும் முறையைக் கீழ்வரும் கற்பனைக் கணக்கின் மூலம் விளக்கலாம். ஒரு தோட்டம் வழக்கமான ஆண்டில் 1,000 கிலோ உலர்ந்த ஏலக்காய் தருகிறது எனவும், விலை கிலோ 1,000 ரூபாய் எனவும் கொள்வோம். உடைமையாளரின் மொத்த வரவு 10 லட்சம் ரூபாய். 1,000 கிலோ உலர்ந்த காய்க்கு 5,000 கிலோ பச்சைக்காய் எடுக்க வேண்டும். ஒருவர் ஒரு நாளில் 20 கிலோ எடுப்பார் எனக் கொண்டால் 250 வேலை நாட்கள் கிடைக்கும்.

அடுத்த ஆண்டில் விளைச்சல் 500 கிலோவாகக் குறைந்து, விலை 3,000 ரூபாயாக உயர்கின்றது எனக் கொள்வோம். உடைமையாளரின் வரவு 15 லட்சம் ரூபாயாகக் கூடுகின்றது. எடுக்க வேண்டிய பச்சைக்காயோ 2,500 கிலோ மட்டுமே. காய் எடுப்பு வேலை 125 நாட்களாகக் குறைகின்றது. (காய் அருகிய தோட்டத்தில் ஒருவர் ஒரு நாளில் எடுக்கும் அளவும் குறையும் என்பதால் உண்மையில் வேலை நாட்கள் சரிபாதியாகக் குறையாமல் இருக்கலாம்.) பழைய ஆண்டு வருமானத்தைக் காய் எடுப்பிலிருந்தே பெற வேண்டுமானால் தொழிலாளியின் கூலி இரு மடங்காக உயர வேண்டும். ஆனால் நாள்கூலி ஏல விலையைப் போல வாரந்தோறும் மாறுவதில்லை.

இதன் மறுபக்கமும் கருதத்தக்கது. விலை தாழ்ந்து விளைச்சல் மிகுந்த ஆண்டில் காய் எடுப்பு வேலை குறைவதில்லை. காய் செடியிலேயே வீணாவதைவிட எடுத்து விற்பது மேல் என்பதால் உடைமையாளர் அவ்வேலையை நிறுத்துவதில்லை. களை எடுப்பு, உரமிடுதல், புதுநடவு ஆகியவையே முதலில் குறைக்கப்படுகின்றன. விலைத் தாழ்வு நீடித்தால் செடிகள் நலிந்து பின்வரும் ஆண்டுகளின் விளைச்சலும் வேலையும் குறையும். ஆகவே விலைச்சரிவு தொழிலாளரைத் தாக்காமல் விடுவதில்லை, காலம் தாழ்த்தியே தாக்குகின்றது எனலாம்.

2024 ஆம் ஆண்டுக் கோடையில் இடுக்கி மாவட்டத்தில் கடும் வறட்சியால் பரந்த பரப்பில் ஏலக்காய்ச் செடிகள் கருகின. அதே ஆண்டில் குவாத்தமாலாவின் விளைச்சலும் வீழ்ந்ததால் விலை மீண்டும் கிலோவுக்கு 2,000 ரூபாயைக் கடந்தது. 2019 இல் காணப்பட்டது போலவே இம்முறையும் விலை உயர்வுக்கு விளைச்சல் குறைவே முதன்மைக் காரணமாக இருந்தது.

மலைச்சாலைகள் அடைபட்ட காலங்கள்

2011 திசம்பர்

முல்லைப் பெரியாறு அணை தொடர்பாகத் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே இருந்த பிணக்கு 2011 திசம்பரில் முற்றியது. இரு பக்கமும் வன்முறை நிகழ்ந்தது. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டுச் சாலைகளில் போக்குவரத்து நின்றது. இடுக்கியில் தங்கியிருந்த தமிழ்த் தொழிலாளர் பலர் அஞ்சி ஊர் திரும்பினர். அது காய் எடுப்புக் காலமாதலால் தோட்டங்களில் முற்றிய காய்களை எடுக்க ஆளில்லை. பள்ளத்தாக்கிலோ கேரளத்துக்குச் செல்ல வேண்டிய காய்கறிகள் தேங்கின. ஒரே நேரத்தில் மலையில் ஆள் பற்றாக்குறையும் அடிவாரத்தில் வேலையின்மையும் நிலவின. அணையின் நீர்மட்டத்தை 142 அடியாக உயர்த்தலாம் என உச்ச நீதிமன்றம் 2014 மே 7 அன்று தீர்ப்பளித்தது.

2018 வெள்ளம்

2018 ஆகத்து வெள்ளத்தின்போது மலைச்சாலைகள் பல இடங்களில் சரிந்தன. கேரள அரசு ஓணக் கொண்டாட்டங்களைக் கைவிட்டது. ஓணச் சந்தையை எண்ணிப் பயிரிடப்பட்ட தேனி மாவட்டக் காய்கறிகளும் பூக்களும் வழக்கமான விற்பனையை இழந்தன.

2020 ஊரடங்கு

கோவிட்-19 பெருந்தொற்றைத் தடுக்க 2020 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட ஊரடங்கின்போது மாநில எல்லைகள் மூடப்பட்டன. ஏலக்காய் ஏலங்கள் நிறுத்தப்பட்டு மே மாத இறுதியில் மீண்டும் தொடங்கின. ஏலங்கள் தொடங்கிய பின்னரும் நாள்தோறும் எல்லை கடந்து வேலைக்குச் செல்ல நெடுநாள் வழியில்லை. சரக்கு வண்டிகளுக்கு அனுமதி கிடைத்ததற்கும் தொழிலாளருக்கு அனுமதி கிடைத்ததற்கும் இடைப்பட்ட காலத்தில் வணிகம் நடந்தது, கூலி வருமானம் இல்லை. உலர்ந்த ஏலக்காயை உடைமையாளர் சில மாதங்கள் சேமித்து வைக்கலாம். வேலை செய்யாத நாளின் கூலியைச் சேமித்து வைக்க இயலாது. நீண்ட அடைப்புகளில் தொழிலாளர் குடும்பங்கள் கடனை நாடுவதற்கு இவ்வேறுபாடே காரணம் ஆகும்.

பன்னீர் திராட்சையுடன் ஒப்பீடு

மசுகட் ஆம்பர்க் என்னும் வகையைச் சேர்ந்த பன்னீர் திராட்சை 1832 ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவரால் தமிழ்நாட்டில் அறிமுகப்படுத்தப்பட்டதாகக் கூறப்படுகின்றது. தேனி மாவட்டத்தில் 10 ஊர்களில் சுமார் 2,000 ஏக்கரில் இது பயிராகின்றது. "கம்பம் பன்னீர் திராட்சை" 2023 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. இராயப்பன்பட்டியை அடுத்த ஆனைமலையான்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் உள்ளது.

வெவ்வேறு தோட்டங்களில் வெவ்வேறு நாட்களில் கவாத்து செய்யப்படுவதால் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் எங்கேனும் ஓரிடத்தில் அறுவடை நடக்கின்றது. கவாத்து, கொடி கட்டுதல், மருந்தடித்தல், பழம் வெட்டுதல் என வேலைகள் தொடர்வதால், இது உள்ளூரிலேயே கிடைக்கும் நிலையான வேலைக்கு ஆதாரமாக உள்ளது. எல்லை கடக்க வேண்டியதில்லை என்பது தொழிலாளருக்கு இதன் சிறப்பு.

ஆனால் விலைப் பேரத்தில் திராட்சை உழவரின் நிலை ஏலக்காய் உழவரைவிட வலுவற்றது. பன்னீர் திராட்சை பறித்த சில நாட்களுக்குள் விற்கப்பட வேண்டும். மழை பெய்தால் பழம் வெடித்துவிடும். பொது ஏலம் கிடையாது. வணிகர்கள் தோட்டத்துக்கே வந்து விலை பேசித் தங்கள் ஆட்களைக் கொண்டு வெட்டிச் செல்வதுண்டு. ஆண்டின் முதல் மாதங்களில் மகாராட்டிரத்திலிருந்து விதையில்லாத் திராட்சை மிகுதியாக வரும்போது பன்னீர் திராட்சையின் விலை இறங்குகின்றது. குளிர்பதனக் கிடங்குகளும் பழச்சாறு, திராட்சை ரசத் தொழிற்சாலைகளும் வேண்டும் என்பது உழவர்களின் நெடுநாள் கோரிக்கை ஆகும்.

வணிகக் கொள்கைகளின் தாக்கம்

ஏலமலையில் ஏலக்காயுடன் ஊடுபயிராக விளையும் மிளகு, வணிக உடன்படிக்கைகளின் தாக்கத்தை நேரடியாகக் காட்டுகின்றது. 1998 இல் கையெழுத்தாகி 2000 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கைத் தடையில்லா வணிக உடன்படிக்கையும், 2010 இல் நடைமுறைக்கு வந்த ஆசியான் நாடுகளுடனான உடன்படிக்கையும் மிளகு இறக்குமதிக்கு வழி திறந்தன. மலிவு மிளகு வரவால் விலை இறங்கியதாக உழவர்கள் முறையிட்டதை அடுத்து, 2017 திசம்பரில் நடுவண் அரசு மிளகுக்குக் கிலோ 500 ரூபாய் எனக் குறைந்தபட்ச இறக்குமதி விலையை அறிவித்தது.

ஏலக்காயைப் பொறுத்தவரை இறக்குமதியைவிட ஏற்றுமதித் தர விதிகளே முதன்மையான சிக்கலாக இருந்துள்ளன. 2018 ஆம் ஆண்டில் சவூதி அரேபியா பூச்சிக்கொல்லி எச்சத்தைக் காரணம் காட்டி இந்திய ஏலக்காயை ஏற்க மறுத்தது. எச்சத்தைக் குறைக்க மருந்து தெளிப்பைக் கட்டுப்படுத்துவது ஏற்றுமதிக்கு மட்டுமன்றி, தெளிக்கும் தொழிலாளியின் உடல்நலத்துக்கும் நன்மை தருவதாகும். வெளிநாட்டுச் சந்தையின் விதி உள்ளூர்த் தொழிலாளிக்குப் பயன்படும் சில இடங்களுள் இதுவும் ஒன்று.

மதிப்பீடு

வேளாண் வணிகம் விரிவடைந்தால் ஊரக வருமானம் உயரும் என்னும் பொதுக் கருத்து தேனி மாவட்டத்தைப் பொறுத்தவரை பகுதி உண்மையே ஆகும். மலைப் பயிர் வணிகம் இல்லாதிருந்தால், இருபோக நெல்லை மட்டும் நம்பிப் பள்ளத்தாக்கின் நிலமற்ற குடும்பங்கள் ஆண்டு முழுவதும் பிழைத்திருப்பது அரிது. அதே வேளையில் வணிகத்தின் வளர்ச்சியை விலையைக் கொண்டு மட்டும் அளந்தால் கூலித் தொழிலாளரின் நிலை புலப்படாது. ஏலக்காயின் ஏல விலையும் வரத்தும் ஏல நாட்களில் பதிவாகி வெளியிடப்படுகின்றன. அக்காயை எடுக்கக் கிடைத்த வேலை நாட்களுக்கு அத்தகைய பதிவு இல்லை.

எல்லை கடந்து வேலைக்குச் செல்வோரை இரு மாநிலங்களும் பதிவு செய்தல், பாதுகாப்பான பேருந்து வசதி, சாலை அடைபடும் காலங்களில் உதவித்தொகை, வறட்சி, வெள்ள நிவாரணத்தில் நில உடைமையாளருடன் தொழிலாளரையும் சேர்த்தல் ஆகியவை இந்நிலையை மாற்றக்கூடிய வழிகளாகும். பயிர் அழிந்ததற்கான நிவாரணம் நிலத்தின் பரப்பைக் கொண்டு கணக்கிடப்படுவதால், நிலமில்லாத ஆனால் அதே பயிரை நம்பி வாழும் தொழிலாளி அக்கணக்கில் இடம்பெறுவதில்லை.

இவற்றையும் பார்க்கவும்

கம்பம் பள்ளத்தாக்கு
போடிநாயக்கனூர்
ஏலமலை
ஏலக்காய்
முல்லைப் பெரியாறு அணை
பன்னீர் திராட்சை
நறுமணப் பொருள் வாரியம்